அணைத்து வைத்த மைக்

(வானொலி மறையுரை. நற்செய்தி: மாற்கு 4:26-29)



ஆடி பிறந்துவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில் சாணார்பட்டிப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மாந்தோப்புகளில் காய்ப்பு முடிந்து மரங்கள் ஓய்ந்து நிற்கின்றன. மழையை நம்பிய மானாவாரி நிலங்களில் உழவு நடக்கிறது. ஒரு மழை கிடைத்தவுடன் நிலக்கடலை ஊன்றுகிறார்கள். ஊன்றிய பருப்பு ஒரு வாரத்தில் முளைவிடும். ஒரு மாதத்தில் மஞ்சள் பூ பூக்கும். அதற்குப் பிறகுதான் அதிசயம். பூ வாடியதும் அதிலிருந்து ஒரு விழுது கிளம்பி, கீழ்நோக்கிப் போய் மண்ணுக்குள் நுழைந்துகொள்ளும். காய் பிடிப்பது அங்கேதான், இருட்டில். மேலே நின்று பார்க்கிறவனுக்கு இலை தெரியும், காய் தெரியாது. நூறு நாளுக்கு மேல் இந்த நிலைமைதான். வரப்போரமாக ஒரு செடியைப் பிடுங்கிக் காய் முற்றிவிட்டதா என்று பார்ப்பது உண்டு. ஆனால் தினம் ஒரு செடியாகப் பிடுங்கிப் பார்க்கிற விவசாயியை நம் ஊரில் நாம் கண்டதில்லை.

இன்று நாம் தியானிக்கும் நற்செய்திப் பகுதி மிகச் சிறியது. நான்கே வசனங்கள். மத்தேயுவில் இந்த உவமை இல்லை, லூக்காவிலும் இல்லை. மாற்கு மட்டும் எழுதிவைத்திருக்கிறார். ஒருவர் நிலத்தில் விதைக்கிறார். இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார். விதை முளைத்து வளர்கிறது. எப்படி வளர்கிறது என்று அவருக்குத் தெரியாது. நிலம் தன்னால் விளைவிக்கிறது. முதலில் பச்சை, அப்புறம் கதிர், அப்புறம் கதிருக்குள் மணி. இறையாட்சி இப்படிப்பட்டது என்கிறார் ஆண்டவர். களை எடுத்தார், உரம் போட்டார் என்று ஒரு சொல்கூட இல்லை. நம் ஊர் விவசாயிகள் கேட்டால், “தூங்கி எழுந்தாலே வெள்ளாமை வந்துருமா சாமி?” என்று சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர்களுக்கும் தெரிந்த ஒன்று இருக்கிறது. எல்லா வேலையும் செய்து முடித்த பிறகும், வளர்ச்சி என்கிற அந்த ஒன்றை மட்டும் யாராலும் செய்ய முடியாது. அது நடக்க விட வேண்டும்.

இந்த உவமையை இந்த ஆண்டு எங்களுக்குப் புரியவைத்தது ஒரு கிட்டார். அந்தக் கதையைச் சொல்வதற்கு எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சாணார்பட்டி வட்டாரத்தில் ஒரு கிளைக்கிராமக் கோவில். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவரின் மகன், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடித்தவுடன் கிட்டார் கேட்டான். வீட்டில் அதற்குப் பணம் கிடையாது. அம்மா ஓர் ஆட்டை விற்றார். திண்டுக்கல்லுக்குப் போய் ஒரு கிட்டார் வாங்கி வந்தார்கள். அது போன வருடம் மே மாதம். கற்றுக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை. கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே பழகினான். ஜூன், ஜூலை முழுவதும் வீட்டில் அதே சத்தம். அக்கம் பக்கத்தில் சிலர் கேலி செய்தார்கள். பாடகர் குழுவில் நாங்கள் மகிழ்ந்தோம். கிறிஸ்துமஸுக்கு நீதான் வாசிக்கிறாய் என்று சொல்லிவிட்டோம்.

டிசம்பர் வந்தது. ஒத்திகையில் பார்த்தால் பையன் ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு மாறுவதற்குள் பாட்டு ஒரு வரி ஓடிவிடுகிறது. தாளம் தடுமாறுகிறது. பாடுகிற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். கீபோர்டு வாசிக்கிறவருக்குக் கோபம். கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள், பெயர் கெட்டுவிடும் என்று எங்களுக்குப் பயம். அவனிடம் சொல்லவும் மனம் வரவில்லை. எனவே ஒரு வழி கண்டுபிடித்தோம். அவனை முன்வரிசையிலேயே நிற்கவைத்தோம். அவன் கிட்டாருக்கு முன்னால் ஒரு மைக் வைத்தோம். அந்த மைக்கை மட்டும் ஆன் செய்யவில்லை.

நள்ளிரவுத் திருப்பலி முழுவதும் அவன் வாசித்தான். நல்ல சட்டை போட்டு, தலைசீவி, வியர்க்க வியர்க்க வாசித்தான். பாலன் பிறப்புப் பாட்டுக்கு அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்களே பார்த்தோம். இரண்டு நாள் கழித்து யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. அவன் கை அசைகிறது, கிட்டார் சத்தம் மட்டும் இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஜனவரியிலிருந்து ஒத்திகைக்கு வரவில்லை. நாங்களும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் அதிகமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டோம்.

உயிர்ப்பு விழா முடிந்து வீடு மந்திரிக்கப் போனபோதுதான் அந்த வீட்டுக்குள் நுழைந்தோம், பங்குச்சாமியும் உபதேசியாருமாக. கதவுக்குப் பின்னால் ஆணியில் கிட்டார் தொங்கியது. ஒரு பழைய தலையணை உறையை மாட்டிவைத்திருந்தார்கள். கம்பியில் துரு. “என்னப்பா, வாசிக்கிறதில்லையா?” என்று கேட்டோம். “எனக்கு வராது ஃபாதர்” என்றான். மேலே பேச்சில்லை. அவன் அம்மாதான் சொன்னார்: “ஆட்டை வித்தது போச்சுன்னு நான் நெனைக்கல சாமி. அவன் சிரிப்பு போச்சு. அதான்.”

தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட எங்களால் முடியவில்லை. உட்கார்ந்தோம். மைக்கை அணைத்துவைத்தது நாங்கள்தான் என்று அவனிடம் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். தலையை ஆட்டினான், முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது அவன் அக்கா தன் கைபேசியை எடுத்துவந்தாள். போன ஆகஸ்ட்டில் தம்பி வாசித்ததை விளையாட்டாகப் பதிவு செய்து வைத்திருந்தாள். போட்டுக் காட்டினாள். ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு மாற அவன் தடவித் தடவி விரல்களை ஒவ்வொன்றாக வைக்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நாமே எண்ணிவிடலாம், அவ்வளவு நேரம். “இப்ப ஒரு தடவை வாசி” என்றாள். துருப்பிடித்த கம்பி, நான்கு மாதம் தொடாத கை. ஆனாலும் வாசித்தான். எண்ணினோம். இரண்டுக்குள் மாறிவிட்டான்.

வீடு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அந்த நான்கு எண்ணிக்கை எப்போது இரண்டானது? எந்தத் தேதியில்? அவனுக்கே தெரியாது. டிசம்பரில் நாங்கள் மைக்கை அணைத்தபோதே அவன் ஆகஸ்ட்டில் இருந்த ஆள் இல்லை. அவனும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. கடலை மண்ணுக்குள் பிடித்திருக்கிறது, நாம் இலையைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம்.

சகோதர சகோதரிகளே, கிட்டார் கற்கிறவர்களைப் பற்றி நாம் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நம் வீடுகளில் இன்று நிறையப் பிள்ளைகள் இதைக் கையில் எடுக்கிறார்கள். முதல் மாதம் விரல் நுனி வலிக்கும். இரும்புக் கம்பியை அழுத்தி அழுத்திச் சிவந்துபோகும். நாளுக்குக் கொஞ்சம் வாசித்து வந்தால் சில வாரங்களில் தோல் காய்த்துவிடும், வலி குறையும். இதைத் தாண்டிவிடுகிறார்கள். அடுத்தது எஃப் கார்டு. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் இரண்டு கம்பி ஊமையாகக் கிடக்கும். கிட்டாரைத் தூக்கிப் பரணில் போடுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் போடுகிறார்கள். ‘என் விரல் குட்டை’, ‘என் கை இதற்கு ஆகாது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பல நேரம் கை மேல் குற்றமே இல்லை. நம் தம்பியின் கிட்டாரை உபதேசியார் திண்டுக்கல்லில் பழுது பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: கம்பிகள் பலகையை விட்டு ரொம்ப உயரத்தில் நிற்கின்றன, இதை அழுத்தப் பெரிய ஆளுக்கே கை வலிக்கும் என்று. கம்பிகளைத் தாங்கி நிற்கிற வெள்ளைக் கட்டையைக் கொஞ்சம் தேய்த்துத் தாழ்த்தினார், மெல்லிய கம்பிகளாக மாற்றிப் போட்டார். அவ்வளவுதான். எட்டு மாதம் அந்தப் பிள்ளை தன் கையைத் திட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு விலை குறைந்த கிட்டார் வாங்கிக்கொடுக்கிற பெற்றோர்கள் இதை மட்டும் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். மறையுரையில் இதெல்லாமா என்று நினைக்க வேண்டாம். ஒருவன் சுமக்க முடியாத சுமையை அவன் தோளில் வைத்துவிட்டு, பொறுமையாக இரு என்று உபதேசம் செய்வதை ஆண்டவரும் கண்டித்திருக்கிறாரே.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதை விட நாள்தோறும் கால் மணி நேரம் உட்காருவதே கைக்கு நல்லது. காரணம், விரல்கள் கற்கிற வேலையில் ஒரு பங்கு நாம் தூங்கும்போது நடக்கிறது. பகலில் பழகியதை மூளை இரவில் உறுதிப்படுத்துகிறது. இன்று அறிவியல் ஆராய்ச்சிகள் இதைச் சொல்கின்றன. முந்தின நாள் மாலை எவ்வளவு முயன்றும் வராத ஒரு மாற்றம் மறுநாள் காலையில் தானாக வந்து நிற்பதைக் கற்றவர்கள் எல்லாரும் அனுபவித்திருப்பார்கள். இப்போது அந்த நற்செய்திப் பகுதியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். விதைத்தவர் இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார், எப்படி வளர்கிறதென்று அவருக்குத் தெரியாது. தூக்கத்தை நாம் சோம்பலின் கணக்கில் எழுதிவைத்திருந்தோம். ஆண்டவர் அதை விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவில், கடமையின் வரிசையில் வைத்திருக்கிறார்.

நம் மண்ணின் பெரிய எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பண்ணைப்புரம் நம்மிடமிருந்து தூரமில்லை. இன்றைய தேனி மாவட்டம். இசைஞானி இளையராஜா அந்த ஊரில் 1943இல் பிறந்தார். 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் மேடைகளில் வாசித்தார். பத்தாண்டு மேடை அனுபவம். அப்படிப்பட்டவர் 1968இல் சென்னைக்குப் போய் என்ன செய்தார்? மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்கிற ஆசிரியரிடம் மாணவராக உட்கார்ந்தார். மேற்கத்திய இசையின் எழுத்துமுறையையும் பியானோவையும் கிட்டாரையும் முறைப்படி கற்றார். கைதட்டல் வாங்கிப் பழகியவர், குறிப்பு படிக்கத் தெரியாத தொடக்கநிலை மாணவராக மறுபடியும் ஆனார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்காகத் தங்கப் பதக்கம் பெற்றார்.

பதக்கம் வாங்கியவுடன் வாய்ப்பு வந்துவிட்டதா? இல்லை. மற்ற இசையமைப்பாளர்களின் பாடல் பதிவுகளில் கிட்டார் வாசித்தார், கீபோர்டு வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷ் அவர்களிடம் உதவியாளராக இருந்து படம் படமாக வேலை செய்தார். பெயர் அடுத்தவருடையது, உழைப்பு இவருடையது. ‘அன்னக்கிளி’ வந்தது 1976இல்தான். சென்னைக்குப் போய் எட்டு ஆண்டுகள் கழித்து. நாம் எல்லாரும் 1976ஐத்தான் பேசுகிறோம். ஒரே படத்தில் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது என்கிறோம். அந்த எட்டு ஆண்டுகளுக்கு நாம் ஒரு வாக்கியம் ஒதுக்குகிறோம். ஆனால் அவர் அதை ஒரு வாக்கியமாக வாழவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையாக, ஒவ்வொரு புதன்கிழமையாக வாழ்ந்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது அவருக்கு வயது 81.

இப்படிச் சொன்னால் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: அவர் மேதை ஃபாதர், நாங்கள் அப்படியா? நியாயமான கேள்வி. அதனால் மேதை அல்லாத ஒரு மாணவரையும் பார்ப்போம்.

இந்த மாதம் 31ஆம் நாள் புனித லொயோலா இஞ்ஞாசியாரின் திருவிழா. போர்வீரராக இருந்து, 1521இல் காலில் குண்டடிபட்டு, மனம் மாறியவர். மக்களுக்குப் பணி செய்ய வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். படிப்பு என்றால் அன்றைக்கு இலத்தீன். 1524இல் பார்சலோனா நகரில், முப்பத்து மூன்று வயதில், இலத்தீன் இலக்கணத்தை அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். சிறுபிள்ளைகள் படிக்கிற பாடம். வினைச்சொல்லை மனப்பாடம் செய்ய உட்காருவார். உடனே உள்ளத்தில் ஆன்மீக ஒளி பொங்கும், புதுப்புது ஞான எண்ணங்கள் தோன்றும், இறையனுபவத்தில் உருகிப்போவார். வினைச்சொல் மட்டும் மனதில் நிற்காது. கொஞ்ச நாள் கழித்து அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. திருப்பலியில் உட்காரும்போது வராத இந்த உருக்கம், செபத்தில் வராத இந்த ஒளி, இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஏன் வருகிறது? இது சோதனை என்று கண்டுகொண்டார். ஆசிரியரிடம் போய் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு ஆண்டுகள் வகுப்பைத் தவறவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தச் சோதனை அவரை விட்டுப்போயிற்று.

எவ்வளவு நுட்பமான கண்டுபிடிப்பு! சலிப்பு வந்தால் அது சோதனை என்று நமக்குத் தெரியும். உற்சாகமும் சோதனையாக வரலாம் என்று யார் சொன்னார்கள்? நம் தம்பியின் கைபேசியைப் பார்த்தோம். நாற்பது வீடியோ சேமித்து வைத்திருந்தான். ஒரு பாட்டைப் பாதி பழகுவான், அதற்குள் இன்னொரு அழகான பாட்டு, இன்னொரு ஆசிரியர், பத்தே நாளில் கற்கலாம் என்று ஒருவர். ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் முதல் நாள் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் அடுத்ததற்குத் தாவல். நாமும் அப்படித்தானே? இந்தத் தியான இல்லம், அந்தச் செபக்கூட்டம், புதிதாக ஒரு நவநாள். எல்லாம் நல்லவைதான். ஆனால் தினமும் சொல்ல வேண்டிய அந்தப் பத்து மணிச் செபமாலை மட்டும் பாதியில் நிற்கிறது.

நாற்பது வீடியோவையும் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றோம். எஃப் கார்டை ஒத்திவைத்தோம். ஜி, சி, டி என்கிற மூன்று போதும். ஒரு நோட்டு கொடுத்தோம். தினம் ஒரு நிமிடம் கைபேசியில் நேரம் வைத்து ஜியிலிருந்து சிக்கு எத்தனை முறை சத்தம் கெடாமல் மாற முடிகிறது என்று எண்ணி எழுத வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை அக்கா பதிவு செய்வாள், இடையில் கேட்கக் கூடாது. நோட்டில் முதல் நாள் எழுதியது 11. ஒரு வாரம் கழித்தும் 12தான். ஒரு நாள் 9க்கு இறங்கியது. அன்றைக்குப் பக்கத்தில் ‘ச்சே’ என்று எழுதி வைத்திருந்தான். போன வாரம் பார்த்தபோது 31.

மூன்று கார்டை வைத்துக்கொண்டு என்ன வாசிப்பது என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் கிறிஸ்துமஸ் இரவில் பாடுகிற ‘சைலண்ட் நைட்’ முதலில் ஒலித்தது கிட்டாரோடுதான். ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்கிற சிற்றூர். அங்கே உதவிப் பங்குத்தந்தையாக இருந்த யோசப் மோர், தான் 1816இல் எழுதியிருந்த பாடலை 1818 டிசம்பர் 24 அன்று பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபரிடம் கொடுத்து, இரண்டு குரலுக்கும் ஒரு கிட்டாருக்குமாக மெட்டமைக்கச் சொன்னார். அன்று இரவே இருவரும் பாடினார்கள். மோர் கிட்டார் வாசித்தார். கோவில் ஆர்கனை எலி கடித்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். அது பின்னால் சேர்ந்த கதை, விட்டுவிடுவோம். அந்தப் பாட்டைத் தொடக்கநிலை மாணவர்கள் மூன்று கார்டில் வாசித்துவிடலாம். நம் தம்பியும் டிசம்பரில் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான், அணைத்துவைத்த மைக்குக்கு முன்னால்.

கற்கிறவர்களிடம் நாம் எப்போதும் பொறுமையாக இரு, விடாமுயற்சி வேண்டும், மனம் தளராதே என்று சொல்கிறோம். அந்த உவமையில் விதைக்குப் பொறுமையாக இரு என்று யாரும் சொல்லவில்லை. விதை விதையாக இருக்கிறது, அவ்வளவுதான். பேசப்படுவது நிலம். நிலம் தன்னால் விளைவிக்கிறது என்கிறார் ஆண்டவர். அது விதையைத் தோண்டி வெளியே போடாமல் உள்ளே வைத்துக்கொள்கிறது. இந்தக் கோவில், இந்தப் பாடகர் குழு, அந்த வீடு, அந்தத் தெரு, இவைதான் அந்தப் பிள்ளைக்கு நிலம். ஜூலையில் சிரித்த அக்கம்பக்கமும் நிலம்தான். டிசம்பரில் பெயர் கெட்டுவிடும் என்று பயந்த நாங்களும் நிலம்தான். எந்த மாதிரி நிலம் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அதே மாற்கு நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பாறை நிலம் என்று ஒன்று வருகிறது.

குருமடத்தில் எங்கள் வகுப்பில் ஆறு பேர் ஒன்றாகக் கிட்டார் கற்கத் தொடங்கினோம். அதில் இரண்டு பேர் நல்ல பாடகர்கள், சுருதி ஞானம் உள்ளவர்கள். ஓர் ஆண்டில் ஐந்து பேர் விட்டுவிட்டோம். விடாமல் வாசித்தவர் யார் தெரியுமா? சுருதியே சேராது என்று நாங்கள் கேலி செய்த ஒருவர். அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். மாலையில் வயதான குருக்களின் இல்லத்துக்குப் போய்ச் செபமாலை முடிவில் மாதா பாட்டு ஒன்று வாசிக்க வேண்டும். அங்கே இருந்த முதியவர்களில் ஒருவருக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. தப்பா சரியா என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் ஆறரை மணி ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் காத்திருக்கிறாரே என்று இவர் மழையிலும் போனார், தேர்வு நேரத்திலும் போனார். எங்கள் ஐந்து பேருக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை. திறமையில் எங்களுக்குக் குறைவில்லை. இதை இப்போதுதான், அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைத்துப் பார்த்தோம்.

கிட்டார் மட்டுமா? தையல் பழகுகிற மகள், மூன்றாவது முறை தேர்வு எழுதுகிற மகன், குடியை விட்டுவிட்டு நாற்பதாவது நாளில் நிற்கிற கணவர். ‘இன்னுமா?’ என்று நாம் கேட்கிற ஒரு சொல் போதும். தினமும் செடியைப் பிடுங்கிப் பார்ப்பதற்கு அதுதான் பெயர். குடியை விட்டவர் ஒருமுறை எங்களிடம் சொன்னார்: நாற்பது நாளும் கஷ்டமில்லை, நாற்பது நாளும் என் சட்டைப் பையை முகர்ந்து பார்த்தார்கள், அதுதான் கஷ்டம் என்று. பார்த்த வீட்டாரின் பயமும் பொய்யில்லை. பல தடவை ஏமாந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் செபிக்கிறோம்.

வருகிற ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. அந்தக் கிளைக்கிராமக் கோவில் திருப்பலியில் நற்கருணைப் பாடலுக்கு நம் தம்பி வாசிக்கிறான். மூன்று கார்டுதான். வேகத்தை அவனுக்காகக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம். கீபோர்டு வாசிக்கிறவரே முன்வந்து, அந்தப் பாட்டுக்கு நான் கையைக் கட்டிக்கொள்கிறேன் என்றார். நடுவில் ஓரிடத்தில், டியிலிருந்து ஜிக்கு வருகிற இடத்தில், இன்னும் தடுக்குகிறது. அன்றைக்கும் தடுக்கலாம். அவனிடம் சொல்லியிருக்கிறோம், இடதுகை தாமதமானாலும் வலதுகை நிற்க வேண்டாம், தாளம் ஓடிக்கொண்டிருக்கட்டும், அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள் என்று. கோவிலில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் யாரும் பாடகர் குழுப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

மைக்கை ஆன் செய்வது உபதேசியார் பொறுப்பு. திருப்பலிக்கு முன்பே வந்து தட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கோவில் வராண்டாவில் ஒத்திகை. போன வாரம் இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒருத்தி ஆறாம் வகுப்பு. கம்பியைச் சுருதி சேர்க்கவே தெரியவில்லை. தம்பிதான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கிக்கொடுத்தான். அவள் விரலைப் பார்த்து, “வலிக்குதா? எனக்கும் வலிச்சது” என்றான்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!